தலைவரின் இடது கால்

நகர்மன்றத் தலைவர் மன்றத்துக் காரின் கிளட்சை மிதித்தபோதெல்லாம் ஊரில் நடந்துகொண்டிருந்த வேலைகள் கழன்றுகொண்டன. தையல் மிஷினின் சக்கரம் சுற்றும், ஊசி இறங்காது. சைக்கிள்காரர் மிதித்துக்கொண்டே நின்ற இடத்தில் நிற்பார். மனைவி திட்டுவது கணவன் காதில் விழும், உறைக்காது; இந்த ஒன்றில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை என்றார்கள். தலைவர் காலை எடுத்ததும் எல்லாம் பழையபடி ஓடும். நாலைந்து வருடத்தில் ஊர் பழகிவிட்டது. டிரைவர் வைத்தால் கார் அவனுடையதென்று ஜனங்கள் நினைத்துவிடுவார்கள் என்று தலைவர் தானே ஓட்டினார்.

ஊர் மெக்கானிக்கின் மகளுக்குப் பிரசவ வலி எடுத்த அன்று காலை, அவர்கள் வீட்டுக்கு எதிரே பொதுக்குழாய் திறக்கத் தலைவர் வந்தார். இறங்கினால் குள்ளம் தெரிந்துவிடுமென்று, எஞ்சின் ஓட, முதல் கியரில், கிளட்சை மிதித்தபடி காருக்குள்ளிருந்தே மைக்கில் பேசினார். மதியம் ஒரு மணிக்கும் பேசிக்கொண்டிருந்தார். குழாயைத் திருகியும் தண்ணீர் வரவில்லை.

"வலி ஓடிக்கிட்டே இருக்கு, புள்ள நகரல. இன்னும் அரை மணி போனா ரெண்டு உயிருக்கும் ஆபத்துங்க" என்றார் வீட்டில் பிரசவம் பார்க்க வந்திருந்த நர்ஸம்மா.

மெக்கானிக்குக்கு விளங்கிவிட்டது. மனைவியிடம் சொன்னார்: "எஞ்சினோட சுத்துற கனமான சக்கரம் ஃப்ளைவீல். ஸ்பிரிங்கு பிரஷர் பிளேட்டை அழுத்தி, கிளட்ச் பிளேட்டை அதோட ஒட்டவெச்சிருக்கும். அப்ப எல்லாம் ஒண்ணா சுத்தும். பெடலை மிதிச்சா பேரிங் போய் ஸ்பிரிங்கைத் தள்ளிடும், பிடி விட்டுப்போகும். எஞ்சின் பாட்டுக்கு சுத்தும், வண்டிக்கு ஒண்ணும் போய்ச் சேராது."

"பாடம் நடத்துற நேரமாங்க இது? போய் அந்தாளு காலை எடுக்கச் சொல்லுங்க."

போய்ச் சொன்னார். "தலைவரே, நியூட்ரல்ல போட்டுட்டுக் காலை எடுங்க, எம்பொண்ணு உசுரு போகுது." தலைவர் காதில் விழுந்தது, உறைக்கவில்லை. தலையாட்டிவிட்டுப் பேச்சில் வடிகால் திட்டத்துக்குப் போய்விட்டார்.

மெக்கானிக்கின் மனைவி ஜன்னலில் குனிந்தாள். "உட்கார்ந்தே இவ்வளவு உயரம்னா எழுந்தா எப்படி இருப்பாருன்னு கூட்டத்துல பேசிக்கிறாங்க, தலைவரே."

புகழ்ச்சிக்கு மட்டும் கிளட்ச் கிடையாதென்பது அன்று தெரிந்தது. தலைவர் இடது காலை எடுத்து எழப் பார்த்தார். கார் ஒரே எம்பாக எம்பி, குழாயை இடித்துவிட்டு அணைந்தது. தண்ணீர் பீறிட்டது. அதே குலுக்கலில் எதிர்வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. குழாய் சிறப்பாகத் திறக்கப்பட்டதாக நகர்மன்ற அறிக்கை சொல்கிறது.

மறுநாள் மெக்கானிக் அந்தக் காரின் பெடலுக்குப் பக்கத்தில் தலைவர் கால் வைத்துக்கொள்ள ஒரு பலகை அடித்துக்கொடுத்தார். தலைவர்கள் மாறியும் பலகை இருக்கிறது. குழந்தைக்கு இப்போது முப்பது வயது, பள்ளியில் கணக்கு டீச்சர். எதைத் தொடங்கினாலும் முதலில் ஒரு முறை குலுங்குவாள், பிறகு சீராகப் போவாள். பிள்ளைகள் அந்தக் குலுக்கல் முடியும்வரை காத்திருந்துவிட்டு நோட்டைத் திறக்கிறார்கள்.