பனிமலைக்குப் போன கொல்லை

எழுதிப் பழக்கமில்லாதவன் எழுதத் துணிந்ததைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும். 2006ஆம் ஆண்டு பங்குனிக்கும் ஐப்பசிக்கும் இடையில், கருவேப்பிலங்குறிச்சி அமலராணியின் ஓர் ஏக்கர் முந்திரிக்கொல்லை பனிமலைக்குப் போய்விட்டது.

அமலராணி விருத்தாசலத்துப் பீங்கான் சூளையொன்றில் ஜாடிகளுக்கு எழுத்துத்தாள் ஒட்டிவந்தார். சூளையில் வெந்த எழுத்து கத்தியால் சுரண்டினாலும் போகாது. அவ்வாண்டு வியாபாரி மாணிக்கவேல் கொடுத்த தாளில் ‘பனிமலை இயற்கை முந்திரி, மருந்து தெளிக்காதது’ என்றிருந்தது. நிரப்பப்படவிருந்ததோ அமலராணியின் கொல்லைப் பருப்பு. மருந்து தெளிக்காதது உண்மைதான். மருந்து வாங்க அவருக்கு வசதியிருந்ததில்லை.

“அண்ணே, இது எங்க கொல்லை முந்திரிங்க. நம்மூரு பேரப் போட்டா என்னாங்க?”

“போட்டுத்தான் பாத்தேன் தங்கச்சி. ஒரே மரத்துப் பருப்பு, ரெண்டு ஜாடி. மெட்ராஸ்ல தின்னு பாத்துட்டு, பனிமலதான் இனிக்குதுன்னு ரெண்டு மடங்கு குடுக்குறாங்க. நம்மூருன்னா வாயில வக்கிறதுக்கு முந்தியே கசக்குதாம்.”

வேலை போய்விடும் என்று அஞ்சி அமலராணி ஒட்டினார். அவர் ஒட்டிய முதல் ஜாடி விற்ற அன்று வடமூலை மரம் வேரும் மண்ணுமாகக் காணாமற்போனது. பிறகு ஜாடிக்கு ஒரு மரமாகப் போயிற்று. ஆனியில் கிணறும் போனது. பனிமலையில் புதிதாகச் செம்மண் மேடொன்று எழுந்திருப்பதாகவும், குளிரில் மரங்கள் துளிர்க்கவில்லையென்றும் லாரி ஓட்டுநர் தங்கராசு வந்து சொன்னார். கிராம அலுவலர் பள்ளத்தை அளந்துவிட்டு, பட்டா சரியாக இருக்கிறது என்றார்.

ஆடியில் கடைசியாகப் பறித்த ஒரு மரத்துப் பருப்பை அமலராணி மாணிக்கவேலிடம் கொடுக்கவில்லை. தம் கையால் ‘கருவேப்பிலங்குறிச்சி, அமலராணி கொல்லை’ என்றெழுதி, சூளையில் சுட்ட ஜாடியில் நிரப்பித் தங்கராசுவிடம், பனிமலை ஜாடி விற்கும் சென்னைக் கடைக்கே அனுப்பினார். மூன்று மாதம் அதை ஒருவரும் தொடவில்லை. பக்கத்துத் தட்டுக்கு வரிசை நின்றது. நின்றவர்கள் படித்தவர்கள். அந்தக் குளிரில் முந்திரி விளையுமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மன்னிக்கவும், இதை மரியாதையாக எழுத எனக்குத் தெரியவில்லை. ஒரு திருமணத்துக்குச் சென்னை சென்றிருந்த நானும் அந்த வரிசையில்தான் நின்றேன். இனிப்பாக இருந்தது.

ஐப்பசியில் ஜாடி திரும்பி வந்தது. அந்த ஒரு மரம் மட்டும் போகாமல் நின்றது. ஆடுகள் பள்ளத்தைச் சுற்றிப் போகப் பழகிவிட்டன. அமலராணி இன்றும் எழுத்துத்தாள் ஒட்டுகிறார்.

போனவை: செம்மண், ஓர் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. கிணறு ஒன்று. முந்திரி மரம் எழுபத்தொன்று. அதில் ஒன்று நான் வாங்கிய ஜாடிக்கு.