பியூலாவின் இருபத்தாறு வருஷக் கோபம்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு மிக்சி கடையில், ஜாருக்கு வாஷர் மாற்றக் காத்திருந்தபோது காதில் விழுந்தது. எனக்கு முன்னால் நின்ற பெண்மணி, "சத்தம் போடாத மிக்சி இருக்கா?" என்று கேட்டார்.

"சத்தம் வரலைன்னா ஓடலைன்னு அர்த்தம் மேடம்."

"என் வீட்டுக்காரருக்கு ஆட்டிசம். மிக்சி போட்டா வெளிய போயிடறார்."

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "நானும்தான் போயிடறேன்," என்றார்.

பெண்மணியின் பெயர் பியூலா. வாஷர் மாற்ற முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் பாதிக் கதை சொல்லிவிட்டார். மீதிக்கு அவர் வீட்டுக்கே போனேன். எழுத அனுமதி கேட்டதற்கு, கணவர் தியோடர் ஒரு நிபந்தனை போட்டார்: "தப்பா இருந்தா திருத்துவேன்."

2

நான் எழுதிய முதல் தொடக்கம்: "தியோடருக்கு எல்லா ரயில்களின் நேரமும் மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு—"

பியூலா படித்துவிட்டுச் சிரித்தார். "அவருக்கா? செருப்பை எங்க விட்டார்னே தெரியாது."*

இரண்டாவது தொடக்கம்: "தனக்கென்று ஓர் உலகத்தில் வசித்த தியோடர்—"

ஓரத்தில் பென்சிலால் தியோடர் திருத்தியிருந்தார்: "நான் வசிப்பது பிரேசர் டவுன்."

(* ஆட்டிசம் என்றதும் ஒரு மேதையைத் தேடிப் போனது என் தவறு. தியோடர் ஒரு கம்பெனியில் கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கிறார். அதை நன்றாகச் செய்கிறார். அவ்வளவுதான்.)

3

ஆகவே பியூலாவிடமிருந்து தொடங்குகிறேன். (இனி 'அவள்' என்றுதான் எழுதுவேன். கதைக்குள் வந்தால் மரியாதை கொஞ்சம் குறையும்.)

தங்கள் கல்யாண வரவேற்பிலேயே பாதியில் மேடையை விட்டு இறங்கி, கார் நிறுத்துமிடத்தில் தனியாக நின்றவர் தியோடர். அவள் கோபம் அன்றைக்கே பிறந்துவிட்டது. அப்புறம் அது வளர்ந்தது. புதுப் புடவை எப்படி இருக்கு என்றால், "இடது பக்கம் தூக்கிட்டிருக்கு" என்பார். சொல்லாமல் விருந்தாளி வந்தால் பாத்ரூமுக்குள் போய் நாற்பது நிமிஷம் கழித்து வருவார். அவள் அழுதால் பக்கத்தில் வந்து நிற்பார், ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பார், போய்விடுவார். விசேஷ வீடுகளுக்கு அவள் தனியாகவே போனாள். "அவருக்குக் காய்ச்சல்" என்று சொல்லிச் சொல்லி, சொந்தக்காரர்கள் நடுவில் தியோடர் தீராத காய்ச்சல்காரர் ஆகிப்போனார்.

இருபத்தாறாவது வருஷம் அவரைக் கவுன்சிலிங்குக்கு இழுத்துப் போனாள். "இவருக்கு என் மேல பாசமே இல்லை டாக்டர். பிரிஞ்சிடலாம்னு இருக்கேன்."

டாக்டர் அம்ருதா அவர் பக்கம் திரும்பினார். "பாசம் உண்டா சார்?"

"உண்டு."

"ஏன் காட்டறதில்லை?"

"எதைக் காட்டணும்?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. பட்டியல் கொடுத்தால் எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்து வைத்திருந்தார்.

அம்ருதா சற்று நேரம் அந்தப் பேனாவையே பார்த்தார். பிறகு பல நாள் கேள்விகள், பரிசோதனைகள். ஐம்பத்து மூன்றாவது வயதில் முடிவு வந்தது: ஆட்டிசம்.

"இது வியாதி இல்லை. பிறந்ததிலிருந்தே மூளை வேலை செய்யற விதம் வேற," என்றார் அம்ருதா. "நமக்குச் சாதாரணமா கேட்கிற சத்தம் இவருக்கு அடி விழற மாதிரி. கூட்டத்துல ஒரு மணி நேரம் இருந்தா ஒரு நாள் களைப்பு. உங்க முகத்தைப் பார்த்து மனசைப் புரிஞ்சுக்குவார்னு காத்திருக்காதீங்க. வாயால சொல்லுங்க."

வெளியே வந்து பியூலா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப இத்தனை வருஷமா நான் யார்கூட சண்டை போட்டேன்?"

"என்கூட," என்றார் தியோடர்.

4

அதன்பின் பத்து நாள் பியூலா வீட்டில் பூனை மாதிரி நடந்தாள். குக்கர் வைக்கவில்லை. குரலை உயர்த்தவில்லை. பதினோராம் நாள் தியோடர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஏன் கத்த மாட்டேங்கிற?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..."

"கஷ்டம்தான். ஆனா நீ கத்தினா ஏதோ தப்புன்னு தெரியும். இப்ப ஒண்ணும் தெரியலை. பயமா இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "ஈர டவலைக் கட்டில்ல போடாதீங்க," என்றாள், சாதாரணக் குரலில்.

"சரி," என்று போய் எடுத்தார். இருபத்தாறு வருஷச் சண்டை ஒன்று அரை நிமிஷத்தில் முடிந்ததில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

5

ஊருக்கு வெளியே சந்தாபுராவில் பியூலாவின் தம்பி ஸ்டான்லி வீடு கட்டினான். புதுவீட்டு ஜெபத்துக்கு அழைக்கப் போன் செய்தவன் தயங்கினான். "அக்கா, மாமாவுக்கு அன்னிக்கும் காய்ச்சல்னு வச்சுக்கலாமா?"

பியூலாவுக்கு முகம் சுட்டது. காய்ச்சல் பொய் என்று தம்பிக்கு எத்தனை வருஷமாகத் தெரியும்? "காய்ச்சல் இல்லடா, ஆட்டிசம். வந்தா ரெண்டு பேரும் வருவோம். இல்லன்னா ரெண்டு பேருமே இல்லை."

ஏற்பாடு செய்துகொண்டார்கள்: கூட்டத்துக்கு முன்பே போவது, வாசலோர நாற்காலி, காதில் அடைப்பான். அவர் "கிளம்பலாம்" என்றால் ஏன் என்று கேட்காமல் கிளம்புவது.

ஜெபம் முடியும்வரை எல்லாம் நன்றாகவே போனது. அப்புறம் பாஸ்டர், "மூத்த மருமகன் ரெண்டு வார்த்தை பேசட்டும்," என்று மைக்கை நீட்டிவிட்டார். ஸ்டான்லி பாய்ந்து வருவதற்குள் தியோடர் வாங்கிவிட்டார்.

"எனக்கு ஆட்டிசம். கூட்டத்துல பேச வராது. வீடு நல்ல வெளிச்சமா இருக்கு. பாத்ரூம் தரைச் சரிவு ஹால் பக்கம் இருக்கு. குளிச்சா தண்ணி பாஸ்டர் நிக்கிற இடத்துக்கு வரும். நன்றி." பிறகு, மைக்கிலேயே: "பியூலா, கிளம்பலாம்."

பாஸ்டர் இரண்டடி நகர்ந்து நின்றார்.

ஒரு சித்தி பியூலாவின் கையைப் பிடித்தாள். "பார்த்தா அப்படித் தெரியலையேம்மா!"

"தெரியாது சித்தி. எனக்கே இருபத்தாறு வருஷம் ஆச்சு."

கேட் தாண்டும்போது உள்ளே ஸ்டான்லி ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டும் சத்தம் கேட்டது. தொடர்ந்து, மேஸ்திரியைத் தேடி அவன் போட்ட சத்தம்.

6

ஓசூர் ரோட்டில் டிராஃபிக். பியூலா கார் ஓட்டினாள். தியோடர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

நான் எழுதிய முதல் முடிவு: "அவர் மெல்ல அவள் கையைப் பற்றினார்." தியோடர் பென்சிலால் அந்த வரியை அடித்துவிட்டார். "கியர் மாற்றும் கையைப் பிடிக்கக்கூடாது."

நடந்தது இது. பியூலா கேட்டாள்: "என்னை விட்டுப் போயிடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?"

கேட்ட பிறகுதான் பயம் வந்தது. வேறு யாராக இருந்தாலும் 'சே, என்ன கேள்வி' என்று முடித்துவிடுவார்கள். இவர் இருபத்தாறு வருஷத்தையும் முதலிலிருந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். கண்ணைத் திறந்து யோசிக்க ஆரம்பித்தார். வண்டிகள் நகர்ந்தன, நின்றன, மறுபடி நகர்ந்தன.

பதில் சொன்னார். பியூலா அதை என்னிடமும் சொன்னார். உடனே, "எழுதாதீங்க, அது எனக்கு," என்றார்.

எனவே அந்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தியோடர் பேசுகிறார் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். நான் நாலு பதில் எழுதிப் பார்த்தேன். நாலும் எனக்குக் கேட்கப் பிடித்தவையாக இருந்தன. அடித்துவிட்டேன்.