கொரிய நிபுணரும் பங்குனி உத்திரமும்

மனித குலத்தின் வரலாறு என்பது, தன் வேரைத் தேடி அலைந்தவர்களின் வரலாறேயன்றி வேறில்லை.

டாக்டர் ஆவுடைநாயகத்தின் ஆய்வேடு இப்படித்தான் தொடங்குகிறது. அதை எழுதும்வரை அவர் அலைந்ததெல்லாம் மதுரை வரைக்கும்தான். அதுவும் ஆய்வு நெறியாளர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி விசாரிக்கப் போனது.

ஆய்வுப் பொருள், புலம்பெயர்ந்த கொரியர்களின் இன அடையாளம். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறவர் கையில் கொரியா எப்படி வந்து விழுந்தது என்றால், நூலகத்துக்கு அமெரிக்காவிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் ஒரு பெட்டிப் புத்தகம் தானமாக அனுப்பியிருந்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் மளிகைக்கடை வைத்த கொரியர், தாஷ்கண்டில் பருத்தி விதைத்த கொரியர், ஒசாகாவில் இரும்புப் பட்டறையில் வேலை பார்த்த கொரியர் என்று பெட்டி நிறையக் கொரியர்கள். “யாரும் தொடாத சப்ஜெக்ட் வே. யாராலயும் கேள்வி கேக்க முடியாது” என்றார் நெறியாளர். அவர் செய்த நெறியாட்சி அது ஒன்றுதான்.

ஆனால் கேள்வி வந்துவிட்டது. வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்த வெளியூர்ப் பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “நீங்க ஒரு கொரியரையாவது நேர்ல பாத்திருக்கீங்களா?” என்று கேட்டார்.

“இனிமேத்தான் சார்” என்றார் ஆவுடைநாயகம்.

நல்லவேளையாகச் சாப்பாட்டு நேரம் வந்து காப்பாற்றியது. டாக்டர் பட்டம் கிடைத்தது. கூடவே ‘கொரியா’ என்ற பெயரும். ஜங்ஷனில் அவர் டவுன்பஸ்ஸை விட்டு இறங்கினால், “லே, கொரியா இறங்குது பாரு” என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். திரும்பிப் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டார்.

தொண்ணூற்றேழாம் வருஷம் ஒரு பல்கலைக்கழகத்தில் ரீடர் பதவிக்கு, அதாவது பேராசிரியருக்கு ஒரு படி கீழே, ஆள் எடுத்தார்கள். நேர்முகம் ஒரு திங்கட்கிழமை. ஆவுடைநாயகத்தோடு அவருடைய சகாவான கணேஷ்ராமும் விண்ணப்பித்திருந்தார். கணேஷ்ராம் திசையன்விளைப் பக்கத்துப் பனையேறிகளைப் பற்றி ஆராய்ந்தவர். தேரிக்காட்டுச் செம்மணலில் வருஷக்கணக்காக அலைந்ததில் ஆளே கறுத்துப் போயிருந்தார். நிபுணராக டெல்லியிலிருந்து வருபவர் பேராசிரியர் அனவரதம். ஊர் என்னவோ இந்தப் பக்கம்தான், ஆனால் டெல்லிக்குப் போய் முப்பது வருஷம். அவர் யாரிடமும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாராம்: “களத்துக்குப் போனீரா?” சிபாரிசோடு வருகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது என்றும் சொன்னார்கள்.

கணேஷ்ராம் அந்தக் கேள்விக்கு வாயைத் திறக்கவே வேண்டாம், முகத்தைக் காட்டினால் போதும். ஆவுடைநாயகத்துக்கு அவசரமாக ஒரு கொரியர் தேவைப்பட்டார்.

அந்தச் சமயத்தில்தான் திருஞானசம்பந்தம் போன் செய்தார். விடுதியில் ஒரே அறையில் இருந்த பழைய சிநேகிதர். இப்போது அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நூற்பாலையில் இயந்திரப் பராமரிப்பு அதிகாரி.

“அண்ணாச்சி, நம்ம மில்லுக்கு மிஷின் மாட்ட ஒரு சப்பான்காரர் வந்திருக்காரு. கனெமொத்தோன்னு பேரு. ஆனா பாஸ்போர்ட்டுல பாத்தா கிம்னு இருக்கு, கொரியா நாடுன்னு இருக்கு. எங்கவே பொறந்தீருன்னு கேட்டா ஒசாகாங்காரு. ஒசாகா சப்பான்லல்லா இருக்கு? எனக்குத் தல சுத்துது. ஒங்களுக்கு ஆவுமா?”

ஆவுடைநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய ஆய்வேட்டின் நான்காம் இயலான ஒசாகாக் கொரியர், கையில் ஸ்பேனரோடு அம்பாசமுத்திரத்தில் வந்து நிற்கிறது.

நேர்முகத்துக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, டேப்ரெக்கார்டரைத் தோள்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். பஸ் முழுக்கப் பித்தளைப் பானையும் கரும்பும் சேவலும் சனமுமாக இருந்தது. இத்தனை பேர் எங்கே போகிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. சேரன்மகாதேவி ரோட்டுக் குலுக்கலில் முதல் கேள்வியை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

மில் பூட்டிக் கிடந்தது. வாசலில் ஒரு வேன் நின்றது. உள்ளே திருஞானசம்பந்தத்தின் சுற்றம் முழுவதும், முன்சீட்டில் தலையில் துண்டு கட்டி மடியில் தேங்காய்ப்பையை வைத்தபடி கிம்மும் இருந்தார்கள்.

“என்ன அண்ணாச்சி, பங்குனி உத்திரமும் அதுவுமா இங்கன வந்து நிக்கிய? ஒங்க சாஸ்தாவுக்குப் போவலியா?” என்றார் திருஞானசம்பந்தம்.

நெல்லைச் சீமையில் பங்குனி உத்திரத்தன்று இப்படி ஒருவரைக் கேட்டுவிட்டால், பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. பம்பாயில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும், தன் சாஸ்தா எந்தக் காட்டில் எந்தக் குளத்தங்கரையில் இருக்கிறாரோ, அன்றைக்கு அங்கே வந்து பொங்கலிட வேண்டும். ஆவுடைநாயகத்தின் தாத்தா தபால் இலாகாவில் ஊர் ஊராக மாற்றலாகிப் போனதில், சாஸ்தாவை எங்கோ விட்டுவிட்டார். அப்பா தேடவில்லை. மகன் கொரியாவைத் தேடப் போய்விட்டார். அதனால் அந்தக் குடும்பத்தில் பங்குனி உத்திரம் என்றைக்கு வருகிறது என்பதே யாருக்கும் நினைவிருப்பதில்லை.

“ஒரு... ஆய்வு விஷயமா...” என்று இழுத்தார்.

“ஏறுங்க, ஏறுங்க. பேட்டிய அங்கன வச்சி எடுங்க. கெஸ்ட்ஹவுஸ் சமையக்காரனும் அவன் சாஸ்தாவுக்குப் போயிட்டான். இவர எங்க விட? அதான் கூட்டிட்டுப் போறேன். டெல்லி மாமா வேற வாராவ.”

டெல்லி மாமா யார் என்று ஆவுடைநாயகம் கேட்கவில்லை. அவர் கண் கொரியர் மேலேயே இருந்தது.

மருதடி சாஸ்தா கோயில் தாமிரபரணிக் கால்வாய் ஓரம் ஒரு மருத மரக் கூட்டத்துக்குள் இருந்தது. எங்கு பார்த்தாலும் அடுப்புப் புகை. ஆவுடைநாயகம் ஒரு மரத்தடியில் கிம்மை உட்கார வைத்து, டேப்ரெக்கார்டரை நடுவில் வைத்து, இருவருக்கும் பொதுவான அரைகுறை ஆங்கிலத்தில் தொடங்கினார்.

“நீங்கள் உங்களைக் கொரியர் என்று எப்போது உணர்கிறீர்கள்?”

கிம் மடியிலிருந்த தேங்காய்ப்பையைப் பிரித்தார். கண்ணில் புகை பட்டு நீர் வழிந்தது. ஆவுடைநாயகம் அதை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்.

“ஜப்பானில் என்னைக் கொரியன் என்பார்கள். கொரியாவுக்கு ஒரு தடவை போனேன்; ஜப்பான்காரன் என்றார்கள். இங்கேயும் ஜப்பான்காரன் என்கிறார்கள். நீங்கள்தான் கொரியன் என்கிறீர்கள். ஏன்?”

அது கேள்வி கேட்பவரிடம் கேட்கக்கூடாத கேள்வி. ஆனாலும் ஆவுடைநாயகம் விளக்கினார். அடையாளம் என்பது பிறப்பால் வருவதா, மற்றவர் வரைந்த கோட்டால் வருவதா என்பதில் அறிஞரிடையே உள்ள கருத்து வேறுபாட்டை முதல் இயலிலிருந்து எடுத்துச் சொன்னார். டேப்பின் ஒரு பக்கம் முடிந்து டக்கென்று நின்றது. அவர் திருப்பிப் போட்டுவிட்டுத் தொடர்ந்தார். கிம் பணிவாகத் தலையாட்டிக்கொண்டே தேங்காய் நாரை உரித்துக்கொண்டிருந்தார்.

மூச்சு வாங்க நிறுத்தியபோது கிம் கேட்டார். “இங்கே எல்லாரும் ஏதோ ஒரு குடும்பம். இந்தக் கடவுள் அவர்களுடையது என்று சொன்னார்கள். உங்களுடைய கடவுள் எங்கே?”

“தெரியாது.”

“அப்படியானால் இங்கே ஏன் வந்தீர்கள்?”

“உங்களைப் பார்க்க.”

“சமையல்காரன் இல்லாததால் நான் வந்தேன்” என்றார் கிம்.

இதை எந்தக் கோட்பாட்டில் சேர்ப்பது என்று ஆவுடைநாயகத்துக்குப் பிடிபடவில்லை. அதற்குள் பந்தி போட்டுவிட்டார்கள். திருஞானசம்பந்தத்தின் அத்தை பாலம்மாள் கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். கிம்மின் இலையில் பொங்கலைக் குவித்துவிட்டு இவரைப் பார்த்தாள்.

“இது யாரு? எந்த வகையறா?”

ஆவுடைநாயகம் வாயைத் திறந்தார். கையால் கிம்மைக் காட்டினார்.

“ஓ, சப்பான்காரர் கூட்டமா! வெக்கப்படாமச் சாப்பிடும்” என்று அவர் இலையிலும் போட்டாள்.

இரண்டாவது கவளத்தில் அவருக்கு எதிரே ஒரு பெரியவர் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெற்றுடம்பில் விபூதிப் பட்டை, டெல்லிக் கண்ணாடி. ஆவுடைநாயகம் அந்த முகத்தைப் பாடப் புத்தகத்தின் பின்னட்டையில் சட்டையோடு பார்த்திருந்தார்.

“மாமா, இவரு நம்ம சிநேகிதரு, டாக்டர் ஆவுடைநாயகம்” என்றார் திருஞானசம்பந்தம். “அண்ணாச்சி, இதான் டெல்லி மாமா. அனவரதம்.”

ஆவுடைநாயகம் எச்சில் கையோடு பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

“நாளைக்கு இன்டர்வியூவுக்கு வாற ஆவுடைநாயகம் நீருதானா?” பேராசிரியரின் புருவம் ஏறியது. “இன்னிக்கு இங்கன என்ன வே சோலி? இது ஒம்ம சாஸ்தாவா?”

இல்லை என்றால், நேர்முகத்துக்கு முதல் நாள் தேர்வாளரைக் கோயிலில் வந்து பிடித்தவன் என்று ஆகும். கதை அங்கேயே முடிந்தது. ஆமாம் என்றால் பொய். கொரியரைப் பார்க்க வந்தேன் என்றால், மருதடி சாஸ்தா கோயில் பந்தியில் கொரியருக்கு என்ன வேலை என்பார். மூன்று பதில்களும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. இலையைப் பார்த்தார்.

காலையிலிருந்து காதில் விழுந்த ‘சாஸ்தா’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, பக்கத்திலிருந்து கிம்மின் குரல் துளியும் தயங்காமல் வந்தது.

“யெஸ் சார். ஹிஸ் காட். ஹிஸ் ஃபேமிலி காட்.”

அனவரதத்தின் முகம் மலர்ந்துவிட்டது. “அப்படிச் சொல்லும்! நம்ம ஆளுல்லா நீரு! அதான் இன்டர்வியூவுக்கு மொத நாளுன்னும் பாக்காம விருந்தாளியையும் கூட்டிட்டு வந்திருக்கீரு. நான் டெல்லில இருந்து முப்பது வருசமா ஒரு வருசம் தவறாம வாறேன், ஒம்மப் பாத்ததே இல்லியே?”

“கூட்டத்துல... கவனிச்சிருக்க மாட்டிய சார்” என்றார் ஆவுடைநாயகம். அது அவருடைய குரல் மாதிரியே இல்லை.

திருஞானசம்பந்தம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மாமாவை அடுத்த பந்திப் பக்கம் அழைத்துக்கொண்டு போனார்.

பெரியவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும், “ஏன் அப்படிச் சொன்னீர்கள்?” என்று ஆவுடைநாயகம் கிசுகிசுத்தார்.

“அதிகாரி மாதிரி ஒருவர் கேட்டால், அவருக்கு என்ன பதில் பிடிக்கும் என்று முகத்தைப் பார்த்தாலே தெரியும்” என்றார் கிம், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. “ஒசாகாவில் கனெமொத்தோ. சியோலில் கிம். சீக்கிரம் முடிந்துவிடும். என் அப்பாவும் அப்படித்தான் செய்தார்.”

ஆவுடைநாயகம் பாய்ந்து போய் மரத்தடியிலிருந்த டேப்ரெக்கார்டரை எடுத்து வந்து, “இதை இன்னொரு தடவை சொல்ல முடியுமா?” என்றார். கிம் ஏப்பம் விட்டுவிட்டுக் கை கழுவக் கால்வாய்க்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை நேர்முகத்தில், “பொங்கல்ல இனிப்பு கொஞ்சம் கூடிட்டு, இல்லியா?” என்று அனவரதம் கேட்டார். ஆமாம் சார் என்றார் ஆவுடைநாயகம். களத்துக்குப் போனீரா என்று அவர் கேட்கவில்லை. கொரியாவைப் பற்றி யாருமே கேட்கவில்லை. கணேஷ்ராமிடம் மட்டும் பனையேறிகளைப் பற்றி முக்கால் மணி நேரம் விசாரித்தார்கள்.

ரீடர் பதவி ஆவுடைநாயகத்துக்குக் கிடைத்தது. கணேஷ்ராம் கைகொடுத்து, “கொரியா ஜெயிச்சிட்டு வே” என்றார்.

அதற்கடுத்த பங்குனியில், டெல்லி மாமா எப்படியும் தேடுவார் என்று, ஆவுடைநாயகம் தன் மனைவி ராஜராஜேஸ்வரியையும் பித்தளைப் பானையையும் கூட்டிக்கொண்டு மருதடி சாஸ்தா கோயிலுக்குப் போனார். குலசாமி ஒருவழியாகக் கிடைத்துவிட்டார் என்று ராஜராஜேஸ்வரி அழுதேவிட்டாள். அதிலிருந்து வருஷம் தவறாமல் போகிறார்கள்.

அது அவர்களுடைய சாஸ்தா இல்லை.