நடுசீட்டுக்காரர்

ஜீப் ஜான் பீட்டருடையது. கேரவன் மரிய சுகந்தியுடையது. ஜீப் இல்லாவிட்டால் கேரவன் வெறும் சக்கரம் வைத்த இரும்பு அறை. கேரவன் இல்லாவிட்டால் ஜீப், மழைக்கு ஒழுகும் ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ். இரண்டையும் கொக்கியில் சேர்த்து மாட்டினால்தான் அது 'மணமகள் வண்டி'. உள்ளே ஏசி, சுற்றிலும் பல்பு வைத்த கண்ணாடி, புடவை தொங்கவிடக் கம்பி, ஒரு சின்னக் கழிவறை. பெண்ணுக்கு அலங்காரம் செய்வதும் சுகந்திதான். மண்டபம் இல்லாத இடத்தில் கல்யாணம் வைக்கிறவர்கள் வில்லியனூருக்கு வந்து இந்த இரண்டு பேரைத்தான் தேடுவார்கள்.

இப்படிச் சேர்ந்து இழுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்ததில் இரண்டு வீட்டுக்கும் விஷயம் புரிந்து, பெரியவர்களே பேசி முடித்துவிட்டார்கள். கோயிலில் ஓலை படிக்கவும் ஆரம்பித்தாயிற்று. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குச்சாமியார் மணமக்கள் பெயரைப் படித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பதுதான் ஓலை. முதல் ஓலை படித்தார்கள். இரண்டாம் ஓலையும் படித்தார்கள். மூன்றாவது நாளைக்கு. ஆட்சேபணை மணப்பெண்ணிடமிருந்தே வரும் என்று சாமியார் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

போன வாரம் அரியூரில் ஒரு வரவேற்பு. பீட்டர் ரிவர்ஸ் எடுத்தான். சுகந்தி பின்னால் நின்று கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். வண்டி நிற்கவில்லை, போய்த் தென்னைமரத்தில் இடித்தது. கேரவனின் பின்மூலை ஒடுங்கியது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. பீட்டர் இறங்கி வந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "பொம்பள கை காட்டி ரிவர்ஸ் எடுத்தா இப்டிதான் ஆவும்."

கூட்டம் சிரித்தது. சுகந்தி சிரிக்கவில்லை. அன்றோடு அவனுடன் பேச்சையும் நிறுத்திவிட்டாள். ஒடுங்கிய தகரத்தைத் தட்டித் தருவதாக அவன் ஆள் அனுப்பினான். தகரம் அவள் பிரச்சினை இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் சாமியாரைப் பார்த்து மூன்றாம் ஓலையை நிறுத்தச் சொல்லப் போவதாகப் பதில் அனுப்பினாள்.

ஆனால் அந்தச் சனிக்கிழமைக்கு முன்பணம் வாங்கிய வேலை ஒன்று இருந்தது. மடுகரை பச்சையப்பன் மகளுக்கு ஞாயிறு காலை, குலதெய்வக் கோயிலில் கல்யாணம். கோயில் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருந்தது. நான்கு பக்கமும் கரும்பு. பெண் புடவை மாற்ற ஒரு சுவர்கூடக் கிடையாது. யாரோ ஒரு பெண்ணின் கல்யாணம் இவர்கள் சண்டையால் கெடக்கூடாது என்று இருவரும் தனித்தனியாக முடிவு செய்து, தனித்தனியாக வந்து சேர்ந்தார்கள்.

வழி காட்டப் பச்சையப்பனே வந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஓயாமல் அடிக்கும் போன். நீர்ப்பங்கீட்டிலிருந்து பாகப்பிரிவினை வரை எதுவானாலும் நடுவில் உட்கார்ந்து பேசி முடிக்கிறவர். கல்யாணத்துக்கு வாங்கிய அரிசி மூட்டை, தண்ணீர் கேன், வாழைத்தார் எல்லாம் வில்லியனூர்க் கடை வாசலில் கிடந்தன.

"கேரவன் சும்மாதானே போவுது" என்று ஆளை விட்டு எல்லாவற்றையும் பின்கதவு வழியாக ஏற்றினார்.

பீட்டர் பார்த்தான். அவள் வண்டி, அவள் சம்மதித்திருப்பாள் என்று நினைத்தான். சுகந்தியும் பார்த்தாள். இழுக்கிறவன் அவன், அவன் சம்மதித்திருப்பான் என்று நினைத்தாள். கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையை யார் முதலில் பேசுவது என்பதுதான் சண்டையே.

முன்சீட்டில் மூன்று பேர். பீட்டர் ஸ்டீயரிங்கில், சுகந்தி கதவோரம், நடுவில் பச்சையப்பன். கியர் ராடும் ஃபோர் வீல் ராடும் அவர் முழங்கால்களுக்கு நடுவே நின்றன. பீட்டர் கியர் மாற்றும்போதெல்லாம் அவர் வேட்டியை ஒதுக்கி வழிவிட வேண்டியிருந்தது.

ஊர் எல்லை தாண்டியதும் சுகந்தி சொன்னாள்: "ஐயா, வண்டி வால் ஆட்டுதுன்னு சொல்லுங்க."

"யாருகிட்டமா?"

"ஓட்டுறவங்ககிட்ட."

பச்சையப்பன் ஒரு சாண் தூரத்தில் இருந்த பீட்டரைப் பார்த்தார். "தம்பி, வால் ஆட்டுதாம்."

"ரோடு சரியில்லன்னு சொல்லுங்க ஐயா."

"ரோடு சரியில்லையாம்மா."

"ரோடு எப்பவும் இப்டிதான் இருக்குது. வால் இன்னிக்குதான் ஆடுதுன்னு சொல்லுங்க."

பச்சையப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முகத்தில் ஒரு தெளிவு வந்தது. இது அவர் வேலை. சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

"தம்பி, பாப்பா ரொம்ப அக்கறையா சொல்லுது. மெதுவா போனா தேவலாம்னு அதுக்கு ஒரு அபிப்பிராயம்."

"நான் அப்டி சொல்லலையே" என்றாள் சுகந்தி.

"நீ சொன்னதோட சாரம்மா அது."

அவர் போன் அடித்தது. அவர் மனைவி விருத்தாம்பாள் கோயிலிலிருந்து கூப்பிட்டாள். திருஷ்டிப் பூசணிக்காய் வாங்கியாயிற்றா என்று அவள் கேட்டது மூன்று பேருக்கும் கேட்டது.

"பூசணிக்காயா? நீ இன்னாத்த சொன்ன? சொல்லவே இல்லியே" என்று போனை வைத்தார். பிறகு, யாரும் கேட்காமலே, "சொன்னா வாங்காம இருப்பனா" என்றார்.

மடுகரையைத் தாண்டித் தார் ரோடு முடிந்தது. கோயிலுக்குப் போவது கரும்பு வண்டிகள் போன தடம்தான். வலது பக்கம் கரும்பு, இடது பக்கம் வாய்க்கால். முந்தின நாள் மழையில் களிமண் பளபளவென்று கிடந்தது. பீட்டர் இறங்கி டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினான். காற்றுக் குறைந்த டயர் அகலமாகப் படிந்து சேற்றைப் பிடிக்கும். ஏறி உட்கார்ந்து, "ஐயா, முழங்கால்" என்று ஃபோர் வீல் ராடை இழுத்துப் போட்டான். ஜீப் உறுமிக்கொண்டு நகர்ந்தது.

பாதித் தூரம் போனது. பிறகு என்ஜின் சத்தம் மட்டும் முன்னால் போனது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. பின்சக்கரங்கள் சுற்றிச் சேற்றை வாரிக் கேரவனின் வெள்ளை முகத்தில் அடித்தன. கேரவன் பின்பக்கமாகச் சரிந்து, வாய்க்கால் பக்கம் சாய்ந்திருந்தது.

முன்னால் போனால் இன்னும் புதையும். கொஞ்சம் பின்னால் போய்க் கெட்டித் தரையில் ஏறினால்தான் உண்டு. சுகந்தி இறங்கிக் கேரவனுக்குப் பின்னால் போய் நின்றாள். வலது கண்ணாடியைக் கரும்புத்தோகையும் இடது கண்ணாடியைச் சாய்ந்த கேரவனும் மறைத்ததால் பீட்டருக்கு அவள் தெரியவில்லை. இருவருக்கும் நடுவில், வரப்பின்மேல், பச்சையப்பன் ஏறி நின்றுகொண்டார்.

கேரவனை ரிவர்ஸ் எடுப்பது தலைகீழ்ப் பாடம். ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தால் கேரவனின் வால் வலது பக்கம் போகும். இது பீட்டருக்குத் தெரியும், சுகந்திக்கும் தெரியும். பச்சையப்பனுக்குத் தெரியாது.

"ஐயா, லெஃப்டுல ஒடிக்கச் சொல்லுங்க."

"லெஃப்டா? லெஃப்டுல வாய்க்கால் கெடக்குதேமா."

"நீங்க சொல்லுங்க ஐயா."

பச்சையப்பன் யோசித்தார். சின்னப்பெண், கோபத்தில் இருக்கிறாள், பக்கம் மாற்றிச் சொல்கிறாள். நடுவில் இருப்பவர் எதற்கு இருக்கிறார்?

"தம்பி, ரைட்டுல ஒடிக்கச் சொல்லுது."

பீட்டருக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் போன வாரம் அவள் கையைப் பார்க்காமல் போனவன் அவன். இந்த முறையாவது அவள் சொன்னபடி செய்வோம் என்று வலது பக்கம் ஒடித்தான். கேரவனின் வால் நேராக வாய்க்காலைப் பார்த்து நடந்தது.

"நிறுத்தச் சொல்லுங்க ஐயா."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. "விருத்தா, அஞ்சு நிமிசத்துல வந்துருவோம். பூசணிக்காய விடேன்" என்று பச்சையப்பன் ஆரம்பித்தார். கேரவனின் இடது சக்கரம் கரையோரப் புல்லில் ஏறியது. மண் பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது.

"பீட்டரு, நில்லு."

ஜீப் அந்த நொடியே நின்றது. பறவைகள் கரும்பிலிருந்து எழுந்து போயின. பச்சையப்பன் போனைக் காதில் வைத்தபடியே, "எங்கிட்ட சொல்லியிருக்கலாமேமா" என்றார் வருத்தமாக.

பீட்டர் இறங்கி வந்தான். சக்கரத்தில் பாதி கரையில், பாதி காற்றில். அதற்குப் பின்னால் சுகந்தி, அரியூரில் நின்ற அதே மாதிரி, கையை உயர்த்தியபடி நின்றாள். கையை இறக்க மறந்துவிட்டாள் போல. அந்தக் கையைப் பீட்டர் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வரப்பைப் பார்த்துப் பேசினான்.

"ஐயா, அன்னிக்கும் இவங்க இப்டிதான் சரியா கை காட்டுனாங்க. நாந்தான் கண்ணாடிய பாக்கல. வாசல்ல கட்டியிருந்த சீரியல் லைட்ட பாத்துக்கினு இருந்தேன். தப்பு என்னுது. இத அவங்ககிட்ட சொல்லுங்க."

பச்சையப்பன் தொண்டையைச் செருமினார்.

"இத நான் சொல்ல மாட்டேன் தம்பி."

"ஏன் ஐயா?"

"லெஃப்டு, ரைட்டுன்னு எது வேணும்னாலும் சொல்றேன். இந்த மாதிரி எங்க வூட்டுல நான் ஒருதரம்கூட சொன்னது கெடையாது. பழக்கமில்லாத வேலை. நீயே சொல்லிடு."

பீட்டர் திரும்பி அவளிடம் சொன்னான். முதலில் சொன்ன அளவுக்குச் சரளமாக வரவில்லை. சீரியல் லைட்டில் வந்து நின்றுவிட்டான்.

சுகந்தி கையை இறக்கினாள். "இங்க இன்னா பெருசா சொல்ற. கரும்புதான் கேட்டுக்கினு நிக்குது. அன்னிக்கு ஊரே நின்னு சிரிச்சுது."

சொல்லிவிட்டுக் கேரவனின் சரிந்த வாலைப் பார்த்தாள்.

"மூட்டைய பின்னால ஏத்த நீ ஏன் ஒத்துக்கின?"

"நானா? நீ ஒத்துக்கினன்னு நெனச்சேன்."

"நான் எப்ப ஒத்துக்கினேன்?"

இருவரும் சேர்ந்து வரப்பைத் திரும்பிப் பார்த்தார்கள். பச்சையப்பன் வாய்க்காலில் நீரோட்டம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வாலில் கனம் ஏறினால் கேரவனின் மூக்கு மேலே எழும்பும். மூக்கோடு கொக்கியில் மாட்டிய ஜீப்பின் பின்பக்கத்தையும் அது தூக்கிவிடும். தரையில் அழுந்தாத சக்கரம் எத்தனை சுற்றினாலும் சேறுதான் மிஞ்சும். மூன்று பேருமாக மூட்டைகளை உள்ளேயே இழுத்து மூக்குப் பக்கம் அடுக்கினார்கள். பச்சையப்பனின் வெள்ளை வேட்டி களிமண் நிறத்துக்கு வந்தது. மணமகள் உட்காரும் நாற்காலியில் வாழைத்தார் உட்கார்ந்தது. ஜீப்பின் பின்பக்கம் தாழ்ந்து தரையில் படிந்தது.

பிறகு பேச்சு இடையாள் இல்லாமல் பறந்தது.

"லெஃப்டு ஒடி. இன்னும். போதும்டா, போதும்."

"போதும்னு முன்னாடியே சொல்லேன்."

"சொல்லிக்கினுதானே இருக்கேன். இப்ப நேராக்கு. முன்னால போ. மெதுவா."

ஜீப் உறுமி, தயங்கி, மண்ணைப் பிடித்தது. கேரவன் புல்லிலிருந்து இறங்கித் தடத்துக்கு வந்தது. பச்சையப்பன் வரப்பிலிருந்து, "அதான், அதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். யாரும் அவரை எதுவும் சொல்லச் சொல்லவில்லை.

கோயில் வாசலில் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். கேரவனை வேப்பமரத்துக்கும் பந்தலுக்கும் நடுவே ரிவர்ஸில் விட வேண்டும். அங்கே இருந்த ஒவ்வொருவரும் கை காட்ட ஆரம்பித்தார்கள். "வா வா வா" என்றார் ஒருவர். "ரைட்டுல ஒடி" என்றார் இன்னொருவர். மைக் செட்காரன் மைக்கிலேயே, "ஓட்டுநர் அவர்கள் இடதுபுறம் கவனிக்கவும்" என்றான். பீட்டர் என்ஜினை அணைத்து இறங்கினான். நேராக மைக் செட்காரனிடம் போய் மைக்கை வாங்கினான்.

"எல்லாரும் கொஞ்சம் கைய கீழ எறக்குங்க" என்றது மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர். "எனக்கு ஒரே ஒரு கைதான் தெரியணும். சுகந்தி கை. போன வாரம் அந்தக் கைய பாக்காம நான் மரத்துல இடிச்சேன். இடிச்சிட்டு பழிய அவ மேல போட்டேன். தப்பு என்னுது. இந்தத் தடவ பாத்து எடுக்கணும். வழி வுடுங்க."

கொல்லைகளைத் தாண்டி மடுகரை வரைக்கும் அது கேட்டிருக்கும். கூட்டம் வாயை மூடி, கையை இறக்கி, வழிவிட்டது. சுகந்தி பின்னால் போய் நின்றாள். காது சிவந்திருந்தது. கையை உயர்த்தினாள், அசைத்தாள், நிறுத்தினாள். கேரவன் வேப்பமரத்துக்கும் பந்தலுக்கும் நடுவே போய் அழகாக நின்றது.

பச்சையப்பன் கைதட்டத் தொடங்கி, முன்னால் வந்து நின்ற விருத்தாம்பாளைப் பார்த்ததும் நிறுத்தினார். அவள் அவருடைய வேட்டியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"மைக்குல சொன்னது காதுல வுழுந்துதா? பூசணிக்காய் நான் சொன்னேனா, சொல்லலியா?"

பச்சையப்பன் மெல்லப் பீட்டர் பக்கம் திரும்பினார். "தம்பி, சொன்னதா எனக்கு இப்ப ஞாபகம் வருதுன்னு அவங்ககிட்ட..."

"இத நான் சொல்ல மாட்டேன் ஐயா" என்றான் பீட்டர்.

கேரவனைக் கொக்கியிலிருந்து கழற்றி, சக்கரங்களுக்குக் கல் வைத்து முடித்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. சுகந்தி கைகழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பீட்டர் வழக்கம்போலப் பச்சையப்பனைத் தேடினான். அவர் மனைவி முன்னால் தலையைக் குனிந்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை.

"சாமியார பாக்கப் போறியா?"

"போறேன்."

பீட்டர் கல்லைக் காலால் சரிசெய்தான். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"காலைல பொண்ணுக்கு அலங்காரம் முடிச்சுட்டு நாம வூர் போய்ச் சேரதுக்குள்ள முதல் பூசை முடிஞ்சிடும்" என்றாள் சுகந்தி. "ஓலைய ரெண்டாம் பூசைல படிக்கச் சொல்லணும். ஆட்சேபணை இருக்குதான்னு கேக்கறப்ப நான் அங்க ஒக்காந்திருக்கணும். யாராவது எழுந்துக்கறாங்களான்னு பாக்கணும்."

பீட்டர் ஜீப் கதவைத் திறந்துவிட்டான். கழுவின முகத்தோடு பச்சையப்பன் ஓடிவந்தார். மடுகரையில் இறக்கிவிட்டால் பூசணிக்காய் வாங்கிவிடுவாராம். பழக்கத்தில் காலைத் தூக்கி நடுசீட்டுக்கு ஏறப் போனார்.

"ஐயா, நீங்க ஓரமா ஒக்காருங்க" என்றாள் சுகந்தி. அவள் முதலில் ஏறி நடுவில் உட்கார்ந்து, கியர் ராடுக்கு வழிவிட்டு முழங்காலை ஒதுக்கிக்கொண்டாள்.