முந்நூற்றெட்டுப் பாட்டுக்கு ஒரே வரி

சிட்டிபாபு சாரிடம் நான் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் பேர் எங்கே?

அவர் குடும்பத்துக்குக் காந்தி ரோட்டில் பட்டுக் கடை. பக்கத்திலேயே அவருடைய அச்சகம். ஓர் அறக்கட்டளைக்காக முந்நூற்றெட்டுக் கீர்த்தனைகளை, வெளிநாட்டுக்காரர்கள் படிக்கிற ஐந்துகோட்டு முறையில் புத்தகமாகப் போடும் வேலையை வாங்கி என் தலையில் கட்டினார். இதைக் கையால் வரைவதில்லை. ஸ்வரங்களைக் கணினியில் புரோகிராம் எழுதுகிற மாதிரி தட்டினால், அதுவே கோடும் புள்ளியுமாக வரைந்து தரும். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொட்டினால் நாறிவிடும். அதனால் பாட்டுக்கு ஒரு கோப்பு வைத்தேன். எழுத்தளவு, ஓரம், தலைப்பு, அடிக்குறிப்பு எல்லாம் ஒரே பொதுக் கோப்பில். அங்கே ஒரு வரி மாற்றினால் புத்தகம் முழுக்க மாறும். செவிலிமேட்டு வீட்டு மாடியில் இரண்டு வருஷம் உட்கார்ந்தேன். "எங்க அண்ணி எப்பப் பாத்தாலும் தட்டிக்கினே இருக்குது" என்று நாத்தனார் காந்தா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ஒவ்வொரு பாட்டின் கீழும் 'இசைக்குறி அமைப்பு: சங்கரி' என்று வர வேண்டும்; அந்த வரியும் பொதுக் கோப்பில்தான். சிட்டிபாபு சார் சம்மதித்ததுதான். சென்னையில் ஓர் இசைக் கல்லூரி, பேரோடு அச்சான வேலையைக் காட்டினால் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. திங்கட்கிழமை நேர்காணல். அதற்கு முந்தின சனிக்கிழமைதான் புத்தகம் வந்தது. முதல் பாட்டில் என் பேர் இல்லை. கடைசிப் பாட்டிலும் இல்லை. எல்லா இடத்திலும் அவர் அச்சகத்தின் பேர். நேரே அச்சகத்துக்குப் போய் அவரிடம் கேட்டேன்.

"ஏம்மா கோச்சிக்கிறே? புடவையில நெய்தவன் பேரா போடறோம்? பெட்டியில கடை பேருதானே இருக்குது?"

"நீங்கதானே சார் ஒத்துக்கினீங்க?"

"அப்ப ஒத்துக்கினேன். அப்பறம் நம்ம பேரு இருந்தா நல்லாருக்கும்னு தோணிச்சி." பிறகு மனசாரப் பாராட்டினார். "ஆனா நீ அடுக்கி வச்சிருக்கிற அழகு இருக்குதே! எங்கெங்க தேடணுமோன்னு பயந்துக்கினே ஒன் கோப்பத் தொறந்தேன். ஒரே வரி. ஒரு நிமிஷத்துல முடிஞ்சிது."

விவரமில்லாதவள் மாதிரி பாட்டுக்குப் பாட்டு தனித்தனியாக எழுதியிருந்தால், இந்தச் சோம்பேறி பத்துப் பாட்டோடு கைவிட்டிருப்பார். மீதி இருநூற்றுத் தொண்ணூற்றெட்டில் நான் இருந்திருப்பேன்.

கல்லூரியில் புத்தகத்தைப் புரட்டினார்கள். "நல்ல வேலை. நீங்க செஞ்சதுன்னு எப்படிம்மா தெரியும்?" என்றார்கள். மடிக்கணினியில் கோப்புகளைத் திறந்து காட்டினேன். "கோப்பை யார் வேணாலும் காப்பி பண்ணிக்கலாமே" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை.

அடுத்த மாதம் சிட்டிபாபு சாரிடமிருந்தே இரண்டாம் தொகுதிக்கான வேலை வந்தது. கல்லூரி வேலையும் கிடைக்கவில்லை, வேறு வழியில்லை, வெட்கத்தை விட்டு ஒத்துக்கொண்டேன். இந்த முறை ஏமாறக் கூடாது என்று ஒவ்வொரு பாட்டிலும் என் பேரைத் தனித்தனியாகத் தட்டினேன். நாற்பது பாட்டு போயிற்று. பிறகு அந்த வரியின் எழுத்தளவைக் கொஞ்சம் குறைக்க வேண்டி வந்தது. நாற்பது இடத்தில் திருத்த வேண்டும். பார்க்கவே கண்றாவியாக இருந்தது. இப்படியா வேலை செய்வேன் நான்?

நாற்பதிலிருந்தும் என் பேரை நானே அழித்தேன். பொதுக் கோப்பில் ஒரே வரியாக எழுதி வைத்தேன், அவர் வசதிக்கு.