ரத்னாவின் பிராம்ப்டிங்

நீரஜா பக்கத் திரையோரமாக நின்று எட்டிப் பார்த்தாள். மயிலாப்பூர்ப் பள்ளி மண்டபத்தில் நானூறு பேர்! கல்லூரியில் மனோதத்துவம் படித்துவிட்டு அவளும் சிநேகிதிகளும் எழுபத்திநாலில் தொடங்கிய 'தளிர்' மன்றத்தின் முதல் நாடகம் இது. நடிப்பவர்கள் எல்லாரும் அடையாறு ஆற்றோரக் குடிசைப் பிள்ளைகள்.

ஆனால் அவள் கண் மேடையில் இல்லை. பக்கத் திரைக்குப் பின்னால், முக்காலியில் நாடக நோட்டுடன் உட்கார்ந்திருந்த ரத்னாவின் மேல் இருந்தது. போன வருஷம் குடிசைகள் எரிந்த நாளிலிருந்து, பதினேழு வயது ரத்னா யார் முகத்தையும் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒத்திகையில் ஒருநாள், மறந்துபோன வசனத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து யாரோ மெல்ல எடுத்துக் கொடுத்தார்கள். ரத்னா! நீரஜா காட்டிக்கொள்ளவே இல்லை. மறுநாள் நோட்டை நீட்டி, "பிராம்ப்டிங் உன் வேலை" என்றாள். அவ்வளவுதான். முன்னால் வா என்று யாரும் அவளை அழைக்கவில்லை.

கடைசிக் காட்சி. தகரக் கிரீடம் வைத்த ராஜாவின் முன், குடிசைக்காரனாக நடித்த சண்முகவேல் வாயைத் திறந்தான். வசனம் வரவில்லை.

"குடிசை எரிஞ்சிபோச்சு..." என்றாள் ரத்னா, மெல்ல.

அவன் திருதிருவென்று விழித்தான். கொஞ்சம் உரக்கச் சொன்னாள். முன்வரிசையில் சிரிப்பு. மூன்றாம் முறை சொன்னது கடைசி வரிசைக்கே கேட்டது.

"யாரும்மா உள்ள? நீயே வெளிய வந்து நடிச்சுடேன்!" என்று ஒருவர் கத்த, மண்டபமே சிரித்தது.

ரத்னாவின் முகம் வெளுத்தது. நீரஜா திரைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இறக்கிவிட்டால் இவள் தப்பித்துவிடுவாள். 'இறக்கட்டுமா?' என்று கண்ணால் கேட்டாள்.

ரத்னா எழுந்தாள். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று மேடைக்கு நடந்தாள்.

"எத்தினி தபாடா சொல்றது? காதுல பஞ்சா வெச்சிக்கினு கீறே?" என்று சண்முகவேலின் முகத்துக்கு நேரே கேட்டாள். பிறகு ஜனங்கள் பக்கம் திரும்பினாள்.

"குடிசை எரிஞ்சிபோச்சு. நாங்க எரியல!"

ராஜாவே கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கை தட்டினான்.

"இப்போ நான் இன்னா சொல்றது?" சண்முகவேல் பல்லெல்லாம் தெரியக் கிசுகிசுத்தான்.

"அடுத்த டயலாக்கு ராஜாவோடது. நீ கம்முனு நில்லு."

நீரஜா அழுதுகொண்டே சிரித்தாள். கயிறு இன்னும் கையில்தான் இருந்தது. நாடகம் முடிந்து பத்து நிமிஷமாகியும் திரையை இறக்க அவளுக்கு மனமே வரவில்லை.