வற்றாத ஓரம்

பல வருடமாகக் கிணறு கிணறாக அளவுநாடா இறக்கி நீர்மட்டம் பார்த்த அண்ணிக்கு, இப்போது கணினி முன்னால் நாற்காலி. நிலத்தடி நீரின் ஓட்டத்தை மாடலாகக் கட்டப் பழகுகிறாள். நிலத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் மண்ணைச் சொல்லி, மழையைச் சொல்லி, பக்கத்துக் கட்டத்துக்கு எவ்வளவு கசியும் என்று கணக்குப் போட வைக்கிற வேலை.

முதல் கணக்கே சொந்தத்தில் விழுந்தது. புதுக் குடியிருப்புக்காக ஆழ்துளைக் கிணறு போடப்போகிற இடத்துக்கு அடுத்த வேலி, நாத்தனாரின் நாற்றுப்பண்ணை. அதிகாரியிடம் சொல்லிவிட்டாள். "உறவுன்னா கூடுதலா கவனிப்பீங்க. கடைசியில நான் சரிபார்க்கிறேன்" என்றார் அவர்.

மதியம் நாத்தனார் சாப்பாட்டுத் தூக்கோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"ஒரே வார்த்தை அண்ணி. என் கிணறு வத்துமா, வத்தாதா?"

"வத்தாது. விரல் அளவுகூட இறங்கல."

"அப்பாடா. சோறு போடும்போதுகூட தட்டைக் கட்டம் கட்டமாப் பிரிக்கிறீங்கன்னு அண்ணன் புலம்பறான்."

"உங்க அண்ணனுக்கு எந்தக் கட்டத்துல போட்டாலும் வத்திடுது."

"அப்ப பின்பக்க நிலத்தையும் குத்தகைக்கு எடுத்துடறேன்."

"எடு."

"அந்தப் புதுக் கிணத்து மோட்டாரைப் பத்து மடங்கா ஆக்குங்க, பார்ப்போம். ஊரையே குடிக்கட்டும்."

அண்ணியும் விளையாட்டாக எண்ணை மாற்றினாள். பண்ணைக் கிணற்றின் மட்டம் அசையவில்லை. நாத்தனார் சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை.

"ஏன் முகம் இப்படிப் போயிடுச்சு?"

"இரு. இவ்வளவு தண்ணி எங்கேர்ந்து வருது?"

நீர் வரவு செலவைத் திறந்து பார்த்தாள். மழை கொஞ்சம்தான். மற்றதெல்லாம் பண்ணைக்குப் பின்னாலிருந்த ஓரத்திலிருந்து கொட்டியது. வரைபடத்தாள் முடிந்த இடத்தில் மாடலையும் முடித்து, அங்கே நீர்மட்டம் மாறவே மாறாது என்று எழுதியவள் அவள்தான். பயிற்சிக் கணக்குகளில் கை அப்படியே பழகியிருந்தது. மட்டம் மாறாதென்றால், கேட்கக் கேட்கக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

"அங்க ஆறு ஏதும் இருக்கா அண்ணி?"

"ஆறும் இல்ல, ஏரியும் இல்ல. தாள் முடிஞ்ச இடத்துல ஒரு கடலைக் கொண்டுவந்து வெச்சிருக்கேன்."

"எனக்காகவா?"

"கடல் என் அசட்டுத்தனம். நல்ல பதில் வந்ததும் கிளறிப் பார்க்காம விட்டேன் பாரு, அது உனக்காக."

நாத்தனார் தூக்கைத் திறந்து ஒரு கவளம் பிசைந்து நீட்டினாள். அண்ணி வாயில் வாங்கிக்கொண்டே, ஓரத்தைத் தொலைவிலிருந்த, தண்ணீர் தாண்டாத பாறை மேடுவரை தள்ளினாள். மோட்டார் எண்ணையும் பழையபடி மாற்றி மறுபடி ஓட்டினாள்.

"வத்தும்."

"இப்பத்தானே வத்தாதுன்னீங்க?"

"அப்ப கடல் இருந்துச்சு."

நாத்தனாரின் கை சோற்றிலேயே நின்றது. அண்ணி புதுக் கிணற்றைப் பண்ணையிலிருந்து தள்ளி, குடியிருப்பின் மறுகோடிக்கு மாற்றி வைத்து ஓட்டினாள்.

"கோடையில அரை ஆள் உயரம் இறங்கும். வத்தாது. உன் மோட்டாரை இன்னும் கீழே கட்டணும். இடத்தை மாத்தச் சொல்லி எழுதறேன்."

"அதிகாரி தப்புன்னு சொன்னா?"

"முதல்ல உன்கிட்ட வந்து சொல்றேன். அதுவரை குத்தகை வேண்டாம்."

"சரி. விரல்கூட இறங்காதுன்னப்ப, அண்ணி சொல்றாங்கன்னு நம்பினேன். அரை ஆள் இறங்கும்னதும்தான் கணக்கை நம்பறேன்."

தூக்கை மூடியவள் வாசலில் நின்று திரும்பினாள்.

"கடலை எடுத்துட்டீங்கதானே?"

"எடுத்துட்டேன்."

"கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றபடி படியிறங்கினாள்.